கொப்பியில் இல்லாதது

காரைதீவுச் சங்கீத டீச்சர் நீல மட்டைக் கொப்பி ஒன்றோடு என் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு வந்தது 2024ஆம் ஆண்டு நோன்புப் பெருநாள் முடிந்த கிழமையில். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. கல்முனைப் பக்கத்துப் பாடசாலைகளில் முப்பது வருடத்துக்கு மேல் படிப்பித்து ஓய்வு பெற்றவர். முஸ்லிம் பிள்ளைகளும் தமிழ்ப் பிள்ளைகளும் அவரிடம் படித்திருக்கிறார்கள். என் தங்கச்சியும் ஒரு வருடம் படித்தவள்.

“தம்பி, இதில பதினாலு பாட்டு இருக்கு. எல்லாம் பிள்ளைகளுக்கெண்டு நான் மெட்டுப் போட்டது. ஒண்டையும் பதிஞ்சி வெக்கல்ல. கண்ணை மூடுறத்துக்கு முந்தி ஒருக்காக் கேட்டுப் பாக்கணும்” என்றார்.

கொப்பியைத் திறந்தால் பக்கம் பக்கமாக ச ரி க ம. மேல் ஸ்தாயிக்குத் தலையில் புள்ளி, கீழ் ஸ்தாயிக்குக் காலில் புள்ளி. ஒரு மாத்திரை நீட்டக் கமா, இரண்டு மாத்திரை நீட்ட அரைப்புள்ளி. ஆதி தாளத்துக்கு நாலு, இரண்டு, இரண்டு என்று கோடு பிரித்து, ஆவர்த்தனம் முடியும் இடத்தில் இரட்டைக் கோடு. மை மங்கியிருந்தாலும் கை தெளிவு.

“வெச்சிட்டுப் போங்க டீச்சர். ஒரு கிழமைக்குள்ள செஞ்சி தாறன்” என்றேன்.

அன்றிரவே முதல் பாட்டை ஏஐ உதவியாளரிடம் தட்டச்சு செய்து கொடுத்தேன். இதை மிடியாக மாற்றி, ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் திறக்கக்கூடிய புரொஜெக்டாகத் தா என்று கேட்டேன். சில நிமிடத்தில் வந்துவிட்டது. ஆர்மோனியத்துக்கு ஒரு ட்ராக், புல்லாங்குழலுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று, தாளத்துக்கு ஒன்று, பாடுபவருக்கு வழிகாட்ட ஒன்று. ஒவ்வொன்றுக்கும் பெயரும் நிறமும்கூடப் போட்டிருந்தது. இதே வேலையைக் கையால் செய்தால் எனக்கு ஒன்றரை நாள் போகும்.

அடுத்த நாள் டீச்சர் வந்து கேட்டார். பல்லவி முடியும்வரை பேசவில்லை. பிறகு சொன்னார்: “நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது என்ட பாட்டில்ல.”

அவர் சொன்னது சரி. கொப்பியின் மேல் மூலையில் ‘மா.மா.கௌ.’ என்று சின்னதாக எழுதியிருந்ததை நான் தட்டச்சில் விட்டிருந்தேன். மாயாமாளவகௌளையில் ரி என்றால் சுத்த ரிஷபம், ச-வுக்கு அடுத்த கட்டை. த-வும் அப்படித்தான், ப-வை ஒட்டியது. ராகம் தெரியாத ஏஐ, ச ரி க ம என்றதும் மேற்கத்திய மேஜர் ஸ்கேலைப் போட்டுவிட்டது. எங்கள் கணக்கில் அது சங்கராபரணம். சுருதியையும் நான் சொல்லவில்லை, அது ஒரு கட்டையில் வைத்துவிட்டது. டீச்சரின் பாட்டு ஐந்து கட்டை. மிடி எண்ணில் சொன்னால் 55, 56, 59, 60 என்று தொடங்கவேண்டிய பாட்டு 60, 62, 64, 65 என்று தொடங்கியிருந்தது.

தவறு என்னுடையது. ஆனாலும் இன்னொன்றை அன்று கவனித்தேன். என்ன ராகம், என்ன சுருதி என்று அது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இல்லாததைத் தானாக நிரப்பிவிட்டு, எல்லாம் எழுதியிருந்தது போலவே கொடுத்தது.

எழுதாமல் விட்டதை நிரப்புவதுதான் முப்பத்தாறு வருடமாக என் தொழிலே. ஆகவே அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1988இல் எனக்குப் பதினேழு வயது. கல்முனைப் பிரதான வீதியில் கசெட் பதிந்து கொடுக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். நாகூர் ஹனிபாவின் கசெட்டுக்கு எப்போதும் கேள்வி இருக்கும்; நோன்பு மாதத்தில் கடையில் நிற்க இடமிருக்காது. கல்யாண வீட்டுக்கும், கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கும் டேப் ரெக்கோர்டரைத் தூக்கிக்கொண்டு போவோம். பக்கீர்மார் தாயிராவைத் தட்டிப் பைத் சொல்வதை முதன்முதலில் ஹெட்போனில் கேட்டது அங்கேதான். அந்த ஒலி இன்றும் என் காதில் இருக்கிறது.

கடையின் பின்னறையில் சுவரெல்லாம் மெத்தை அடித்து ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார் முதலாளி. நடுவில் ஒரு மைக். பாடுபவர் கிட்ட, ஆர்மோனியம் அடுத்தது, தபலா கதவோரம், றபான் இன்னும் தள்ளி. யார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார் என்பதுதான் மிக்ஸிங். ஒருவர் பிழை விட்டால் எல்லோரும் திரும்பத் தொடக்கத்திலிருந்து.

அங்கே ஒருவரும் சுரம் எழுதி நான் பார்க்கவில்லை. பாட்டு எழுதியவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒருதரம் பாடுவார். ஆர்மோனியக் காக்கா கண்ணை மூடிக் கேட்பார். இரண்டாம் தரம் விரல் கட்டையைத் தேடும். மூன்றாம் தரம், பாட்டு எழுதியவர் தனக்கே தெரியாமல் பாடிய மெட்டைக் காக்கா திருத்தி, நேராக்கி, இடையிசையும் சேர்த்து வாசிப்பார். “எங்க காக்கா கத்துக்கிட்டீங்க?” என்று ஒருநாள் கேட்டேன். “கேட்டுக் கேட்டுத்தான்” என்றார். அவ்வளவுதான் எங்கள் பள்ளிக்கூடம்.

இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் சேவையில் பாட வேண்டும் என்றால் இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போக வேண்டும். போய் வந்தவர்கள் அங்குள்ள வாத்தியக்காரர்கள் தாளைப் பார்த்து வாசிப்பதைப் பெரிய அதிசயமாகச் சொல்வார்கள். பின்னாட்களில் பிறை எப்.எம். வானொலி வந்த பிறகுதான் எங்கள் பக்கத்துக் குரல்களுக்கு அந்தப் பயணம் குறைந்தது.

1996இல் முதலாளி ஒரு யமஹா கீபோர்டு வாங்கினார். மிடி என்ற ஏற்பாடு 1983இலேயே உலகத்துக்கு வந்துவிட்டது. எங்கள் கைக்கு எட்டப் பதின்மூன்று வருடம். மிடியில் ஒலி இல்லை, கட்டளை மட்டும்தான் என்பதை விளங்க எனக்குப் பல மாதம் எடுத்தது. எந்தக் கட்டையை எப்போது அமுக்கினான், எவ்வளவு பலமாக, எப்போது விட்டான். முக்கியமாக இந்த நாலு விஷயம்தான் பதிவாகும். அதனால் பிறகு சுருதியை மாற்றலாம், வேகத்தை மாற்றலாம், ஆர்மோனியத்தை எடுத்துவிட்டுக் குழலை வைக்கலாம். கசெட்டில் வளர்ந்தவனுக்கு அது புது உலகம்.

2001இல் சொந்தமாகக் கொம்பியூட்டர். எல்லாரையும் போல நானும் கூல் எடிட் என்ற மென்பொருளில்தான் தொடங்கினேன். கடற்கரையிலிருந்து இருநூறு மீற்றர் தூரத்தில் எங்கள் வீடு. முன்னறையே ஒலிப்பதிவுக் கூடம். மூன்று அலுமாரி நிறையக் கசெட். கொடியேற்றத்தில் பதிந்த பைத், களிகம்பு அண்ணாவியார் ஒருவர் ஒரு முழு இரவு சொல்லித் தந்த பாட்டுகள், என் உம்மும்மா பாடிய ஓராட்டுத் தாலாட்டு.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, கடல் அந்த மூன்று அலுமாரியையும் கொண்டுபோனது. மருதமுனையிலிருந்து சாய்ந்தமருது வரைக்கும் எங்கள் கடற்கரை ஊர்கள் எத்தனை உயிரை இழந்தன என்பதற்கு முன்னால் கசெட்டைப் பற்றிப் பேசவே பல வருடம் எனக்கு வாய் வரவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த அண்ணாவியாரும் அன்றே மௌத்தாகிவிட்டார். அவருடைய பாட்டுகளில் சொல் கொஞ்சம் சிலருக்கு ஞாபகம் இருக்கிறது. மெட்டு ஒருவரிடமும் இல்லை. ஒரு தாளில் நாலு சுரம் எழுதி வேறு ஊரில் ஒருவரிடம் கொடுத்து வைத்திருந்தால்கூட இன்றைக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும்.

அதற்குப் பிறகுதான் நான் சுரம் எழுதப் பழகினேன். நாற்பது வயதை நெருங்கும்போது, தங்கச்சியின் பழைய கொப்பியை வைத்துக்கொண்டு, சரளி வரிசையிலிருந்து. அந்தக் கொப்பியில் இருந்தது இந்தக் காரைதீவு டீச்சரின் கையெழுத்து.

ரீப்பருக்கு மாறியது 2012இல். சின்ன ஸ்டூடியோக்காரனுக்கு 60 டொலரில் உரிமம் கிடைத்தது ஒரு காரணம். இன்னொரு காரணம் போகப்போகத்தான் விளங்கியது: அதன் புரொஜெக்ட் கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்து வாசிக்கலாம். எந்த ட்ராக், எந்தச் சுரம், டிக் என்ற நேர அளவில் எத்தனையாவதில் என்று வரிவரியாக உள்ளே இருக்கும். எழுத்தை வாசித்து எழுதும் ஏஐ வந்தபோது ரீப்பர் கோப்பை அதனால் எழுத முடிந்ததற்குக் காரணம் இதுதான்.

எங்கள் சுரலிபியும் அப்படித்தான். மேற்கத்திய ஐங்கோட்டு இசையைக் கொம்பியூட்டருக்குள் கொண்டுபோகப் பழைய வழிகள் உண்டு. மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம் 2004இலேயே வந்தது. அச்சிட்ட தாளை ஸ்கேன் செய்து வாசிக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன. ச ரி க ம-வுக்கு அப்படி ஒரு பொதுப்பாதையை நான் கண்டதில்லை. இத்தனை வருடமும் தாளைப் பார்த்து மவுசால் ஒவ்வொரு சுரமாக வைத்துக்கொண்டிருந்தோம். என்னிடம் வேலை பழகிய பொடியன்கள் கண் சிவக்கச் சிவக்க அதைச் செய்திருக்கிறார்கள். 2022 பங்குனி முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் நின்றதே, அப்போது விடியப்புறம் இரண்டு மணிக்கு எழும்பிச் சுரம் வைத்த பொடியனை எனக்குத் தெரியும். அவன் இப்போது கட்டாரில். நம்முடைய சுரலிபி முழுக்க எழுத்து என்பதால்தான் ஏஐ முதலில் உதவியது எங்களைப் போன்றவர்களுக்கு.

டீச்சரின் கொப்பிக்குத் திரும்புகிறேன்.

முதல் பிழைக்குப் பிறகு ராகத்தையும் சுருதியையும் மேலே எழுதிக் கொடுத்தேன். ஏழு சுரத்துக்கும் எண்ணையே கொடுத்தேன்: ச 55, ரி 56, க 59, ம 60, ப 62, த 63, நி 66. சுரம் சரியாக வந்தது. மூன்றாவது ஆவர்த்தனத்தில் பாட்டு தாளத்தை விட்டு ஓடத் தொடங்கியது. ஓட்டம் மெல்லியது, முதலில் என் காதிலேயே சந்தேகம் வந்தது. ஆறாவது ஆவர்த்தனத்தில் சந்தேகமே இல்லை, மெட்டு ஒரு பக்கம், தாளம் ஒரு பக்கம்.

இரவு முழுக்கத் தேடிக் கண்டுபிடித்தேன். கமா!

டீச்சரின் கொப்பியில் கமா ஒரு மாத்திரை. முன்னால் பாடிய சுரத்தை நிறுத்திப் பிடிக்கும் கார்வை. ஏஐக்குக் கமா என்றால் ஒரு பொருளையும் அடுத்த பொருளையும் பிரிக்கும் குறி. சில இடத்தில் கார்வையாக எடுத்தது, சில இடத்தில் பிரிப்புக் குறி என்று விட்டுவிட்டது. மிடியில் ஒவ்வொரு சுரத்தின் நேரமும் முந்தியதிலிருந்து கணக்காகும். ஒரு கமா விழுந்தால் அதற்குப் பிறகு வரும் பாட்டு முழுக்க அந்த அளவு முன்னுக்கு வரும். ரீப்பரில் ஒரு அட்சரத்துக்கு 960 டிக். அட்சரத்துக்கு நாலு மாத்திரை என்றால் ஒரு கமா 240 டிக். நிமிடத்துக்கு 80 அட்சரம் என்ற வேகத்தில் அது ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒரு கமா விழுந்தால் காது மன்னித்துவிடும். மூன்று விழுந்தால் மன்னிக்காது.

இப்போது நான் கமாவைக் கொடுப்பதில்லை. கார்வைக்கு ஒரு சின்னக் கோடு, அரைப்புள்ளிக்கு இரண்டு கோடு. மேல் ஸ்தாயிப் புள்ளிக்குப் பதில் சுரத்தின் பின்னால் 2, கீழ் ஸ்தாயிக்கு 0. கொப்பியைப் படம் எடுத்துக் கொடுத்தும் பார்த்தேன். தலையிலும் காலிலும் இருக்கும் புள்ளிகளில் பாதியைத் தாளின் அழுக்கு என்று விட்டுவிட்டது. கையால் தட்டச்சு செய்வதுதான் இன்றைக்கும் பாதுகாப்பு. ஒரு பாட்டுக்கு அரை மணித்தியாலம் போகும். அந்த அரை மணித்தியாலத்தில் பாட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது. அது நட்டமில்லை.

பிறகு எண்ணச் சொல்வேன். ஆதி தாளத்தில் எட்டு அட்சரம், அட்சரத்துக்கு நாலு மாத்திரை, ஆவர்த்தனத்துக்கு 32. ஒவ்வொரு ஆவர்த்தனத்திலும் 32 இருக்கிறதா, இல்லாத வரி எது என்று முதலில் பட்டியல் போடு. அதுவரைக்கும் கோப்பு எழுதாதே என்பேன். டீச்சரின் இரண்டாவது பாட்டில் ஒரு வரியில் 31 என்று வந்தது. கொப்பியைப் பார்த்தேன், ஏஐ சொன்னது சரி. டீச்சரிடமே போய்க் கேட்டேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, தொடையில் தாளம் போட்டு ஒருதரம் பாடினார். “இதில ஒரு கார்வை விட்டிருக்கன். முப்பது வருசமா இப்படியே கிடக்கு. பாடக்குள்ள வாய் தானா நீட்டிரும், அதால தெரியல்ல” என்றார். பென்சிலால் ஒரு கமா போட்டார். அந்தப் பென்சில் கமாவைப் பார்த்தபோது எனக்கு ஏதோ செய்தது.

இன்னொன்றும் பழகிக்கொண்டேன். புரொஜெக்ட் கோப்பை நேராக எழுதித் தா என்று கேட்கக் கூடாது. நீளமான பாட்டில் நடுவில் எண் வழுக்கிவிடும், எங்கே வழுக்கியது என்று கண்டுபிடிக்க முடியாது. சுரத்தை வாசித்துக் கோப்பை எழுதும் ஒரு சின்னப் பைத்தன் நிரலை எழுதித் தா என்று கேட்க வேண்டும். அந்த நிரல் ஒருதரம் சரியாக வேலை செய்தால் பதினாலு பாட்டுக்கும் அதே நிரல்தான். பிழை வந்தால் எல்லாப் பாட்டிலும் ஒரே இடத்தில் வரும். ஒருதரம் திருத்தினால் போதும். நிரல் எழுத எனக்குத் தெரியாது. ஆனால் என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லத் தெரியும்.

மாயாமாளவகௌளையை ஏன் எடுத்தீர்கள் என்று டீச்சரிடம் கேட்டேன். சாய்ந்தமருதுப் பக்கம் படிப்பிக்கப் போன காலத்தில் பள்ளிவாசலிலிருந்து கேட்கும் ஓதலில் இந்தச் சாயல் இருந்தது, பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிக்கும் என்று நினைத்தேன் என்றார். எனக்குப் புல்லரித்தது. அரபு இசையில் ஹிஜாஸ் என்ற மகாமின் முதல் நாலு சுரம் ஏறத்தாழ எங்கள் மாயாமாளவகௌளையின் ச ரி க ம தான். அடுத்த வாரம் பதிவுக்கு வந்த மௌலவி ஒருவர் அந்தப் பாட்டைக் கேட்டு, “இது ஹிஜாஸல்லவா?” என்றார். டீச்சருக்குப் போன் பண்ணிச் சொன்னேன்.

அந்த மௌலவி கொண்டுவந்தது ஒரு கஸீதா. பயாத்தி என்ற மகாமில் பாடினார். பியானோக் கட்டையில் இல்லாத சுரம் அதில் ஒன்று இருக்கிறது. இரண்டாவது சுரம் இரண்டு கட்டைக்கு நடுவில் நிற்கும். 1932இல் கெய்ரோவில் அரபு இசைக்கென்று ஒரு பெரிய மாநாடே கூடி, ஸ்தாயியை 24ஆகப் பிரிக்கலாமா என்று விவாதித்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட விஷயம் இது. மிடியில் அதற்கு எண் கிடையாது. பக்கத்துச் சுரத்தை வைத்துவிட்டுப் பிட்ச் பெண்டால் இறக்க வேண்டும். பிட்ச் பெண்டின் நடு 8192. கருவி இரண்டு அரைச்சுரம் வளையும் என்றால், அரைச்சுரத்தில் பாதி இறக்க 2048ஐக் கழிக்க வேண்டும்: 6144. இந்தக் கணக்கை ஏஐ ஒரு நொடியில் சரியாகப் போட்டது. ஆனால் நான் வைத்திருந்த குழல் பன்னிரண்டு அரைச்சுரம் வளையும்படி அமைத்திருந்தது. அதே 6144 அங்கே மூன்று அரைச்சுரத்தை இறக்கிவிட்டது. கருவியின் அளவை முதலில் பார்த்துச் சொல்ல வேண்டும்.

குழலையும் இரண்டு அரைச்சுரத்துக்கு மாற்றிப் போட்டுக் காட்டினேன். மௌலவி தலையை ஆட்டினார். “கிட்ட வந்திருக்கு. இன்னும் கொஞ்சம் இறக்குங்க.” இறக்கினேன். “இன்னும் ஒரு சொட்டு.” 5800 அளவில் வந்தபோது கையைத் தூக்கிப் போதும் என்றார். 6144 புத்தகக் கணக்கு. 5800 அவருக்கு ஓதிக் கொடுத்த உஸ்தாதின் தொண்டை. புத்தகத்தில் இருப்பதை ஏஐ தரும். தொண்டையில் இருப்பதை அந்த மனிதர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்களில் இந்தத் தொழில் செய்பவனுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இசைக் கருவி கூடாது என்று கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தஃப் மட்டும் ஆகும் என்கிறவர்கள் இருக்கிறார்கள். கருவியோடு கேட்பவர்களும் இருக்கிறார்கள். மூவரும் என் ஊரார், மூவருக்கும் நான் மரியாதை செய்ய வேண்டும். முன்பு ஒரே பாட்டை மூன்று தரம் பதிவோம். இப்போது ஒரே புரொஜெக்டில் குரல் தனி, தஃப் தனி, கருவி தனி என்று ஆரம்பத்திலேயே கோப்புறை பிரித்து எழுதச் சொல்கிறேன். கருவிகள் பாடுபவருக்குச் சுருதி காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கடைசியில் போகும் பதிவில் மனிதக் குரலும் தஃபும் மட்டும். பள்ளிவாசல் நிர்வாகம் ஒன்று கேட்ட பாட்டை இப்படிச் செய்து கொடுத்தேன்.

தஃபையும் றபானையும் மட்டும் ஏஐயிடம் கொடுக்க எனக்கு மனமில்லை. கொடுத்துப் பார்த்தேன். அடி சரியாக விழுந்தது, எல்லா அடியும் ஒரே கனத்தில். எங்கள் பெண்கள் பெருநாளைக்கு றபானைச் சுற்றி இருந்து அடிக்கும்போது நாலாவது அடி கொஞ்சம் பிந்தும், ஒருத்தியின் அடி மற்றவளின் அடிமேல் சாயும். அதைச் சொற்கட்டாக எழுதி எனக்குத் தந்தவர் ஒருவருமில்லை. அடிக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பதிகிறேன். அவர்களுக்குக் கூலியும் கொடுக்கிறேன்.

டீச்சரின் கொப்பியில் சில சுரத்தின் தலைமேல் அலைபோல் ஒரு கோடு இருக்கும். கமகம். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் 1904இல் சங்கீத சம்பிரதாய பிரதர்சினியை அச்சிட்டபோது ஒவ்வொரு கமகத்துக்கும் ஒவ்வொரு குறி அமைத்தார். டீச்சர் எல்லாவற்றுக்கும் ஒரே அலை போட்டுவிட்டார். எந்த அலை எப்படி ஆடும் என்பது அவருக்குத் தெரியும், அது போதும் என்ற நினைப்பு. ஏஐ எல்லா அலையையும் ஒரே மாதிரி நடுங்க வைத்தது. கேட்கச் சகிக்கவில்லை. அலையை எல்லாம் எடுத்துவிட்டு, சுரத்தை நேராக நிறுத்தி, டீச்சரையே மைக்குக்கு முன்னால் இருக்க வைத்தேன். குரல் நடுங்கியது, மூச்சு முட்டியது. ஆனாலும் ஒவ்வொரு அலையும் அதனதன் இடத்தில் ஆடியது. பதினாலு பாட்டின் புரொஜெக்டிலும் முதல் ட்ராக் அந்தக் குரல்தான். பதிவில் பாடிய பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் பாடினார்கள்.

காரைதீவு என்றால் சுவாமி விபுலானந்தரை நினைக்காமல் இருக்க முடியாது. 1892இல் அங்கே பிறந்து, கல்முனையில் படித்தவர். விஞ்ஞானம் கற்ற தமிழ்ப் பேராசிரியர். சிலப்பதிகாரத்தில் எழுத்தாக மட்டும் நின்ற இசையை எண்ணாக்கி, எண்ணிலிருந்து நரம்பின் நீளத்தையும் அதிர்வையும் கணக்கிட்டு, மறைந்துபோன யாழை மீட்டெடுக்க முயன்றார். யாழ் நூல் 1947இல் வெளிவந்தது. அதே வருடம் ஆடி மாதத்தில் அவர் காலமானார். எழுதிய இசையை ஒலியாக்கும் வேலையை எங்கள் கரையில் முதலில் இவ்வளவு ஆழமாகச் செய்தவர் அவர்தான் என்று நான் நினைக்கிறேன். நான் இரண்டு நிமிடத்தில் பெறும் கணக்கை அவர் காகிதமும் பென்சிலுமாகப் பல ஆண்டுகள் போட்டார். பாட்டைப் பாடிக் காட்ட அந்தக் காலத்து மனிதர் ஒருவரும் அவர் பக்கத்தில் இல்லை. என் பக்கத்தில் டீச்சர் இருந்தார்.

என்னிடம் வேலை பழகும் பொடியன்கள் கேட்கிறார்கள், “காக்கா, இனி எங்களுக்கு வேலை இருக்குமா?” என்று. மவுசால் சுரம் வைக்கும் வேலை போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன். அந்தக் கூலியை நம்பியிருந்தவர்களுக்கு இது நிஜமான இழப்பு. அவர்களில் இருவருக்கு இப்போது சுரம் எழுதப் படிப்பிக்கிறேன். ஒருவர் பாடுவதைக் கேட்டுப் பிழையில்லாமல் தாளில் இறக்கத் தெரிந்தவன் எங்கள் பக்கத்தில் மிகக் குறைவு. ஏஐக்குக் கொடுக்கக்கூட முதலில் அப்படி ஒருவன் வேண்டும்.

மற்றவர் மெட்டை அவரிடம் கேட்காமல் நான் எந்த ஏஐயிலும் போடுவதில்லை. அது எங்கே போகிறது, யார் வைத்துக்கொள்கிறார்கள் என்பதை அவருக்கு விளங்கச் சொல்லி, சரி என்றால் மட்டும். கொப்பியை வாங்கிய அன்றே டீச்சரிடமும் அப்படித்தான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “பிள்ளைகள் படிச்சாப் போதும் தம்பி” என்றார். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அதைத் தன் கையால் எழுதிக் கையெழுத்தும் போட்டுத் தந்தார்.

பதினாலு பாட்டும் முடிய நாலு மாதம் எடுத்தது. புரொஜெக்ட், மிடி, டீச்சரின் குரல், தட்டச்சு செய்த சுரம், கொப்பியின் படம் எல்லாம் மூன்று இடத்தில் இருக்கின்றன: ஒன்று என்னிடம், ஒன்று அவர் மகளிடம், ஒன்று கண்டியில் இருக்கும் என் தங்கச்சியிடம். கடலிலிருந்து தூரம்.

மருதமுனை, நற்பிட்டிமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் வரைக்கும் உள்ளவர்களிடம் கேட்கிறேன். வீட்டில் இப்படி ஒரு கொப்பி இருந்தால் இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். எழுதியவர் ஹயாத்தோடு இருந்தால் அவரைக் கொண்டு மேல் மூலையில் நாலு விஷயம் எழுதுவியுங்கள்: எந்தக் கட்டை, எந்த ராகம் அல்லது மகாம், எந்தத் தாளம், எந்த வேகம். பிறகு போனை முன்னால் வைத்து ஒருதரம் பாடச் சொல்லுங்கள். ஓராட்டுத் தெரிந்த உம்மும்மா இருந்தால் கொப்பிகூட வேண்டாம், போன் போதும். மிடியாக்குவதும் புரொஜெக்டாக்குவதும் எப்போது வேண்டுமானாலும் செய்யலாம். கொண்டுவாருங்கள், நான் செய்து தருகிறேன். பாடியவரின் குரலை மட்டும் பிந்தவிடாதீர்கள்.